பின்னறைக் குடும்பத்தைப் பற்றி ஒரு கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடிதம் யார் எழுதியது என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

சிங்கப்பூரில் அறுபத்து நான்காம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய குறுக்குத் தெருவில், ஒரு பழைய மாடிவீட்டின் முன்னறையில் குடியிருந்தோம். என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. கீழே மசாலா மில் வைத்திருந்தவரின் குடும்பம். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். சமையற்கட்டும் குழாயும் குளியலறையும் கீழே பின்கட்டில், எல்லோருக்கும் பொது. மாடியில் பின்னறை மட்டும் கொஞ்ச நாளாகக் காலியாகக் கிடந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முதல் கரு மூன்றாம் மாதம் கலைந்தபோது, பத்து நாள் என் துணியைத் துவைத்துப் போட்டவள் அவள். வாய்க்கு ருசியாக ரசம் வைத்து, மாடியேறி வந்து ஊட்டிவிட்டுப் போவாள். எனக்குத் தலை வாரிவிடும்போது, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கடி நீ" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். நானும் அதை அன்பாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பிரிட்டிஷ் விமானப்படைச் சீருடையில் ஒரு கருப்பர் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி, இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு. இரண்டு டிரங்குப் பெட்டிகள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவின் மேல் முதுகைச் சாய்த்து நின்றேன்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். நான் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். கப்பலிலிருந்து ஆப்பிரிக்க மாலுமிகள் இறங்கி நடந்துபோனால், அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். "காப்பிரி வர்றான்" என்பாள். அவர்களைக் குறிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். அவர்கள் எங்களை ஒன்றும் செய்ததில்லை. ஒருவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததாகக்கூட நினைவில்லை.

புதிதாக வந்தவர்கள் ஆப்பிரிக்கர்களும் அல்ல. ஜமைக்காக்காரர்கள். அவர் சிலேத்தார் விமானத் தளத்தில் மெக்கானிக். தளத்துக்குப் பக்கத்தில் வீடு தேடியிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது இருக்கிறது என்று சொன்ன வீடு, நேரில் போய் நின்றதும் வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றானதாம். நான்கு வீடுகளில் இப்படி. கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வெகு நாள் கழித்து. வந்து இரண்டு வாரத்தில் அவள் கணவரைப் போர்னியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளும் குழந்தையும் தனியாக இருந்தார்கள்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். காலையில் குழாயடியில் பார்த்தால் "குட் மார்னிங்" என்பாள். நான் தலையை மட்டும் அசைப்பேன். ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் குழாயின் கீழ் கையை நீட்டிவிட்டோம். என் கையும் அவள் கையும் கிட்டத்தட்ட ஒரே நிறம். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டாளா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா அவள் தொட்ட குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவத் தொடங்கியிருந்தாள். அவள் சமைத்த அடுப்பையும்.

ஒரு மத்தியானம் அக்கா ஒரு தாளும் பேனாவும் கொண்டு மாடிக்கு வந்தாள்.

"வீட்டுக்காரருக்கு ஒரு லெட்டர் எழுதணும்டி. நீதான் இங்கிலீஷ் படிச்சவ. இங்கிலீஷ்ல இருந்தாத்தான் மதிப்பாரு, நாலு வரி நல்லா எழுதிக் குடு."

"என்னன்னு எழுதறது அக்கா?"

"அசுத்தமா இருக்கா, வயசுப் பொண்ணுங்க இருக்கிற வீடு, பயமா இருக்கு, காலி பண்ணச் சொல்லுங்கன்னு எழுது. உனக்குத் தெரியாததா."

எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அக்கா என்ன நினைப்பாள் என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அவள். உட்கார்ந்து எழுதினேன். ஒரு பிழை இல்லாமல், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி "மரியாதைக்குரிய ஐயா" என்று தொடங்கி எழுதினேன். பொதுக் குழாயை அவள் அழுக்காக்குவதாக எழுதினேன். அவளால் எங்களுக்கு உறக்கமில்லை என்று எழுதினேன். உண்மையில் அவள் வந்ததிலிருந்து பின்கட்டைத் தினமும் கூட்டிக் கழுவியது அவள்தான். அக்காவும் அவள் கணவரும், நானும், அதே வீட்டுக்காரரின் பக்கத்து வீடுகளில் குடியிருந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கணவர் மட்டும், "எனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று நழுவிவிட்டார்.

வீட்டுக்காரர் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். ஒரு வாரத்தில் அவள் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று அவள் கேட்டிருக்கிறாள். மேஜைக்குள் இருந்த கடிதத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அவள் சமையற்கட்டில் நின்றிருந்தாள். என் டப்பாக்கள் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை, காபித்தூள், கோதுமை மாவு எல்லாவற்றிலும் நான் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன், கடிதத்தில் இருந்த அதே கையெழுத்தில். என்னைப் பார்த்ததும் மேலே போய்விட்டாள். உடனே எல்லாக் காகிதத்தையும் உரித்து அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் காலையில் வெறும் டப்பாக்களைப் பார்த்தபோதுதான், நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது என்று உறைத்தது. அதற்குப் பிறகு அவள் எனக்குக் குட் மார்னிங் சொல்லவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ஊரில் கலவரம் வெடித்தது. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே அடிதடி, வெட்டு என்று ரேடியோவில் கேட்டோம். ஊரடங்கு போட்டுவிட்டார்கள். என் கணவர் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் தகவல் இல்லை. நம்மவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் கருப்பாக இருப்பவனைப் பார்த்து மலாய்க்காரன் என்று நினைத்து அடித்துவிட்டார்களாம் என்றும் அதே ஆட்கள் பேசிக்கொண்டார்கள். என் கணவரும் கருப்புதான். பட்டப்பகலில் தெருவில் ஒரு ஆள் இருக்கமாட்டார். ரோந்துப் போலீஸின் பூட்ஸ் சத்தம் மட்டும் வந்து போகும். நான் ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பால்மாவு தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அரை டின் இருந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை சாமான் வாங்கிக்கொள்ளச் சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். அக்கா பையைக் கையில் கொடுத்து, "சீக்கிரம் போயிட்டு வந்துடு. அவ பின்னாடியே வருவா. சேர்ந்து போகாத, வம்பு லா" என்றாள்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழரின் மளிகைக்கடை. வரிசை, கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையைத் தாண்டி ரோடு வரை நின்றது. பெரும்பாலும் நம்மவர்கள். எனக்கு நான்கைந்து பேர் பின்னால் அவள் வந்து நின்றாள், குழந்தை இடுப்பில். நான் திரும்பவில்லை.

"இவளுக்கெல்லாம் கேம்ப்ல குடுப்பாங்கல்ல? இங்க எதுக்கு வந்து நிக்கிறா?" என்று ஒரு பெண் சொன்னாள்.

"தள்ளிப் போகச் சொல்லு."

யாரோ அவளுக்கு முன்னால் போய் நின்றார்கள். பிறகு இன்னொருவர். அவள் "எக்ஸ்கியூஸ் மி" என்று சொன்னது கேட்டது. யாரும் நகரவில்லை. அவள் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள். அங்கிருந்தும் குழந்தை அழுவது கேட்டது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் செருப்பின் வார் பிய்ந்து, நூலால் தைத்திருந்தது. அது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

திடீரென்று ரோட்டின் மறுபக்கத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "வர்றாங்க, வர்றாங்க, வெட்டிக்கிட்டு வர்றாங்க" என்று கத்திக்கொண்டே போனார்கள். வரிசை கலைந்தது. எல்லோரும் எல்லாப் பக்கமும் ஓடினார்கள். எதிர்க் கடைகளில் பலகைகளைச் சாத்தும் சத்தம் படபடவென்று கேட்டது. மளிகைக்காரர் தெரிந்த முகமாகப் பார்த்துக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். என்னையும் இழுத்துப் போட்டுவிட்டு, கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினார். கடைக்குள் இருட்டிக்கொண்டே வந்தது. கடைசிப் பலகைக்கான இடம் மட்டும் திறந்திருந்தது. அந்த இடைவெளி வழியாக அவளைப் பார்த்தேன். அவள் ஓடவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு, நடு ரோட்டில் நின்றிருந்தாள்.

"அண்ணே, அவங்களும் எங்க வீடுதான்" என்றேன்.

"யாரு, அந்தக் காப்பிரியா?"

"எங்க வீட்டுல இருக்கிறவங்க அண்ணே. கைப்பிள்ளை இருக்கு."

"உள்ள எடமில்ல, நகரும்மா" என்று பலகையைத் தூக்கினார்.

அப்போது எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. பலகை வரும் இடத்தில் கையை வைத்துக்கொண்டேன். அவர் பொருத்தினால் என் விரல் நசுங்கும். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "சாத்துங்க, சாத்துங்க, அவளோட சேர்ந்து நம்மளும் சாகணுமா" என்றார்கள். நான் வெளியே தலையை நீட்டி ஆங்கிலத்தில் அவளைக் கூப்பிட்டேன். அவள் பெயர் தெரியாததால், "இங்கே, இங்கே வாருங்கள்" என்று மட்டுமே கூப்பிட முடிந்தது. ஒரே வீட்டில் மூன்று மாதமாக இருந்திருக்கிறோம்.

அவள் குனிந்து உள்ளே வந்தாள். பலகை விழுந்தது.

இருட்டில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே பதினைந்து பேர் நெருக்கி நின்றோம். நெடியில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. சத்தம் போடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டோம். அவளும் நானும் மூலையில் ஒருவர் மேல் ஒருவர் இடித்தபடி நின்றோம். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. என் உடம்பும்தான். குழந்தை அவள் தோளில் விசும்பியது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவள் என் காதருகே குனிந்து, ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள். "அந்தக் கடிதம் உன் கையால் எழுதியதுதானே?"

பொய் சொல்ல வழியில்லை. "ஆமாம்" என்றேன்.

"நான் உனக்கு என்ன செய்தேன்?"

"ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பயமாக இருந்தது."

"என்னைப் பார்த்தா?"

"முதலில் உங்களைப் பார்த்து. பிறகு அக்காவைப் பார்த்து. என்னை மன்னித்துவிடுங்கள்."

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். இன்னும் ஆறு நாளில் எனக்கு வீடு கிடையாது. நீ எழுதியதை நீயே போய்த் திரும்ப வாங்கு" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து மளிகைக்காரர் ஒரு பலகையை நகர்த்திப் பார்த்தார். யாரும் வெட்டிக்கொண்டு வரவில்லை. வெறும் வதந்தி. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள். மறுபடி வரிசை போட்டார்கள். நான் அவளை எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். பின்னால் முணுமுணுத்தார்கள். என் காது சூடாகிவிட்டது. திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல அப்போதும் முடியவில்லை. ஆனால் நகரவில்லை. அவள் பால்மாவு இரண்டு டின் வாங்கினாள். சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

கலவரம் அடங்கி, என் கணவர் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வீடு வந்து சேர்ந்த மறுநாள், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்பதையும்.

"வீட்டுக்காரர் நம்மளயும் கிளம்பச் சொன்னா எங்க போறது?" என்றார்.

"தெரியல" என்றேன்.

"நான் வரல. நீ போறதா இருந்தா போ" என்றார். அவருக்கும் பயம். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

முதலில் அக்காவிடம்தான் போனேன். அது துணிக்கடைக்குப் போவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் எழுதியதெல்லாம் பொய், அதை வாபஸ் வாங்கப் போகிறேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்கு முடியாம கிடந்தப்போ அவளா வந்து பாத்தா?"

"இல்ல அக்கா. நீங்கதான் பாத்தீங்க."

"அப்போ போ. போய் அவகிட்டயே இரு."

பக்கத்து வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில், தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, "எனக்கு என்னத்துல கையெழுத்து வாங்குனீங்கன்னே தெரியாதும்மா. குழாய் ரிப்பேருன்னு சொன்னாங்க" என்றாள். என்னோடு கடைக்கு வர ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்காரர் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளங்கை வியர்த்துப் புடவைத் தலைப்பு நனைந்துவிட்டது.

"அந்த லெட்டரை எழுதினது நான்தான் பாய். அதுல இருக்கிறதெல்லாம் பொய். அவங்க சுத்தமா இருக்காங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினியாம்மா?"

"ஆமா பாய்."

"அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டீங்க. இப்போ ரெண்டு பேரு இல்லங்கறீங்க. மத்த மூணு பேரு காலி பண்ணா நான் என்ன பண்றது?"

"அவங்க காலி பண்ண மாட்டாங்க பாய்" என்றாள் தையல்கார அம்மா. "இந்த ஊருல இப்போ யாரு வீடு மாத்துவாங்க?"

அவர் வந்திருந்தவர்களுக்குத் துணி அளந்து கொடுத்து முடித்தார். பிறகு மேஜையைத் திறந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இருக்கச் சொல்லு. இனிமே இங்கிலீஷ்ல எழுதுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசி."

மாடிக்குப் போய் அவள் கதவைத் தட்டினேன். கடிதத்தைக் கொடுத்து, இருக்கலாம் என்று சொன்னேன். அவள் வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்த்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் இன்னும் ஒரு வருஷம் இருந்தார்கள். நாங்கள் தோழிகள் ஆனோம் என்று சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு முறை சேர்ந்து மார்க்கெட் போவோம். மீன்காரர் அவளிடம் கூடுதலாக விலை சொன்னால் நான் குறுக்கே பேசுவேன். தெருவில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், "அப்படிச் சொல்லாதீங்க" என்பேன். ஒவ்வொரு முறையும் குரல் நடுங்கும். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. சில நாள் சொல்லாமலும் வந்திருக்கிறேன். அந்த நாட்களில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் கணவர் போர்னியோவிலிருந்து திரும்பியபோது, என்னையும் என் கணவரையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோறும் பயறும் தேங்காய்ப்பாலில் சேர்த்து வேகவைத்திருந்தாள். என் கணவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா அந்த ஒரு வருஷமும் என்னோடு பேசவில்லை. குழாயடியில் நான் வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு மறுபடி குழந்தை தங்கி, ஏழாம் மாதம் வளையல் போட்டபோதும் வரவில்லை.

ஜமைக்காக் குடும்பம் ஊருக்குக் கப்பலேறிய மறு வாரம், ஒரு மாலை அக்கா மாடிக்கு வந்தாள். தூக்குச்சட்டியில் ரசம் இருந்தது. கைக்குழந்தையோடு இருந்த எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்னறையின் திறந்த கதவைப் பார்த்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க அக்கா."

"அந்தப் புள்ள நல்லா ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். கதவிலிருந்து திரும்பி, "அவ என்கிட்ட ஒரு தடவகூடப் பேசல" என்றாள்.

"நீங்க பேசினீங்களா அக்கா?"

அவள் என் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, விளக்கேற்றும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கீழே போனாள்.